வாசகர் கேள்வி – பதில்: டர்பனுக்கு எழுதும் கடிதத்தில் இந்தியத் தபால் தலை செல்லுமா?

கேள்வி: என் பாட்டனாரின் தமையனார் 1890-களில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மதராஸில் கப்பலேறி, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய வழித்தோன்றல்களைத் தேடி டர்பனில் உள்ள ஒரு கோயில் நிர்வாகத்துக்கும் அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கும் எழுத விரும்புகிறேன். பதிலுக்காகத் தபால் தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை உடன் வைத்தால் போதுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உறையை வையுங்கள், தபால் தலையை ஒட்டாதீர்கள். பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது நாம் கடைப்பிடிக்கும் வழக்கம் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. டர்பனில் தபாலில் சேரும் கடிதத்துக்குத் தென்னாப்பிரிக்கத் தபால் தலைதான் செல்லும். இந்தியத் தலை ஒட்டிய உறையைக் கோயில் நிர்வாகியிடம் கொடுத்தால், அவர் அதன்மேல் தம் கைக்காசைச் செலவழித்து இன்னொரு தலை ஒட்ட வேண்டியிருக்கும். ரூபாய் நோட்டை மடித்து வைப்பதும் வேண்டாம். அங்கே அது மாறாது என்பதோடு, சாதாரணக் கடிதத்தில் பணம் வைப்பது அஞ்சல் விதிகளுக்கும் புறம்பானது.

இந்தச் சிக்கலுக்காகவே உலக அஞ்சல் ஒன்றியம் 1906-இல் ரோம் மாநாட்டில் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ‘இன்டர்நேஷனல் ரிப்ளை கூப்பன்’ எனப்படும் அந்தச் சீட்டு 1907 முதல் புழக்கத்தில் உள்ளது. செல்லுபடியாகும் கூப்பனைப் பெறுபவர் தம் ஊர் அஞ்சலகத்தில் கொடுத்தால், அங்கிருந்து வெளிநாட்டுக்கு 20 கிராம் வரையுள்ள சாதாரண விமானக் கடிதம் ஒன்றை அனுப்பத் தேவையான தபால் தலைகளை அதற்கு ஈடாகத் தர வேண்டும் என்பது விதி. வேலூர் தலைமை அஞ்சலகம் போன்ற பெரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். கிளை அஞ்சலகத்தில் கேட்டு அலைய வேண்டாம். கூப்பனில் கடைசித் தேதி அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ‘இஸ்தான்புல்’ என்ற பெயரில் முன்பு வெளியான பழைய வகைக் கூப்பன்கள் 2021 டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிட்டன. யாராவது அன்பாக எடுத்துக் கொடுத்தாலும் அவை சேகரிப்புக்கு மட்டுமே உதவும். பிரிட்டன் 2011 இறுதியிலும் அமெரிக்கா 2013 தொடக்கத்திலும் கூப்பன் விற்பனையை நிறுத்திக்கொண்டன. ஆகவே அந்நாடுகளில் உள்ள உறவினரிடம் வாங்கியனுப்பச் சொல்லிப் பயனில்லை.

20 கிராம் என்ற வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டே கேள்வியை எழுதுங்கள். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். உறையையும் சேர்த்தால் மூன்று தாளுக்கு மேல் அதில் அடங்காது. எனவே, ‘எங்கள் வம்சத்தைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் அனுப்புங்கள்’ என்று கேட்டுவிட்டு ஒரு கூப்பன் வைப்பது நியாயமன்று. குறிப்பிட்ட பெயருடையவரின் கப்பல் பதிவு உள்ளதா, இருந்தால் அவருடைய காலனி எண் (ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கொடுத்த பதிவு எண்) என்ன என்று மட்டும் கேட்டால், அரைத் தாளில் பதில் வந்துவிடும். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா ஆகியவற்றைக் கப்பல்வாரியாக எழுதி வைத்தார்கள். அந்த எண் கையில் கிடைத்தால் மற்றத் தேடல் பாதி எளிதாகிவிடும்.

கடிதத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதாமல் ‘குடியாத்தம் தாலுகா, வட ஆற்காடு ஜில்லா’ என்றே எழுதுங்கள், ஏனெனில் பட்டியல்கள் அன்றைய ஜில்லாக் கணக்கில்தான் இருக்கின்றன. 1911 வரை சித்தூர், பலமனேர், சந்திரகிரி முதலியவையும் வட ஆற்காட்டிலேயே இருந்தன. திருப்பத்தூரோ அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், முனுசாமி ‘மூன்சாமி’ என்றும் இருக்கக்கூடும். நீங்களே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களைக் குறித்து அனுப்புவது நல்லது.

ஆவணக் காப்பகம் தபால் செலவை எதிர்பார்ப்பதைவிட, நகலுக்கான கட்டணத்தையே கேட்கும். அதை அவர்கள் தெரிவித்த பிறகு செலுத்தலாம். கூப்பன் தேவைப்படுவது கோயில் நிர்வாகம், தேவாலயம், தனிக் குடும்பம் போன்றவர்களுக்குத்தான். கடனில் மூழ்கிய தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனம் 2023-இல் அதை மீட்பதற்கான தனி நிர்வாகத்தின்கீழ் வைக்கப்பட்டது; எனவே தபாலை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் வாட்ஸ்ஆப் எண்ணையும் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். உள்ளே வைக்கும் உறையில் உங்கள் விலாசத்தை ஆங்கிலத்தில் அச்செழுத்தில் எழுதி, கடைசி வரியில் நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் குறியுங்கள்.

கேள்வி: ஆற்காடு மிஷனில் உபதேசியாராக இருந்த என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அமெரிக்காவுக்கு எழுதவிருக்கிறேன். அதற்கும் கூப்பன்தானா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வேண்டியதில்லை. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அந்த மிஷனின் தாய்ச்சபையான ரிஃபார்ம்டு சர்ச் தன் காப்பகத்தை நியூஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக்கில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ‘குளோபல் ஃபாரெவர்’ என்ற தபால் தலை உண்டு. அதில் விலை அச்சிடப்படாததால், கட்டணம் உயர்ந்த பிறகும் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரையுள்ள கடிதத்தை எந்த நாட்டுக்கும் அனுப்ப அது ஒன்றே போதும். வேலூரில் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்; விடுமுறைக்கு வரும்போது நாலைந்து வாங்கி வரச் சொல்லி, பதிலுக்காக உள்ளே வைக்கும் உறையில் ஒன்றை ஒட்டுங்கள். உங்களுக்குத் தேவை ஞானஸ்நானப் பதிவு மட்டுமென்றால், அமெரிக்காவுக்கு எழுதும் முன்பே உங்கள் சபையின் ஆயரிடம் பழைய பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.