பாலிமரில் கிளை எத்தனை? வந்த கேள்விகளும் பதில்களும்

பாலிஎத்திலீனில் கார்பன்-13 என்.எம்.ஆர். (கார்பன் அணுக்களின் காந்த ஒத்ததிர்வு ஸ்பெக்ட்ரம்) எடுத்தேன். 1000 கார்பனுக்கு 4 நீண்ட கிளைகள் என்று வருகிறது. சரிதானா?

4 கிளை சரியாக இருக்கலாம், 'நீண்ட' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வழக்கமான ஸ்பெக்ட்ரத்தில் ஆறு கார்பன் கிளையும் அறுநூறு கார்பன் கிளையும் ஒரே இடத்தில்தான் விழும். எல்.டி.பி.இ. (குறை அடர்த்திப் பாலிஎத்திலீன்) என்றால் ஓரளவு ஊகிக்கலாம். ஆக்டீன் (எட்டு கார்பன் கொண்ட துணை மோனோமர்) சேர்த்த சரக்கு என்றால் அந்த ஆறு கார்பன் கிளை ஆக்டீனிலிருந்தே வருகிறது.

அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரத்தில் 1378 செ.மீ⁻¹-இல் மெத்தில் (கிளை முனையில் இருக்கும் CH₃) எண்ணினால் போதாதா?

சங்கிலி முனைகளைக் கழித்தீர்களா? மூலக்கூறு எடை 28,000 என்றால் முனைகள் மட்டுமே 1000 கார்பனுக்கு ஒரு மெத்தில் தந்துவிடும்.

ஜி-பிரைம் (பாகுநிலை விகிதம்) 0.8 வந்தது. நீண்ட கிளை இருக்கிறது என்று எழுதிவிடலாமா?

எந்த மூலக்கூறு எடையில் 0.8? எந்த நேர்ச்சங்கிலியோடு ஒப்பிட்டு 0.8? இரண்டையும் சொல்லாமல் வெறும் எண்ணை அனுப்புகிறவர்கள்தான் அதிகம், எத்தனை முறை எழுதினாலும் தீரவில்லை. ஜி-பிரைம் என்பது ஒரே மூலக்கூறு எடையில் கிளைத்ததின் பாகுநிலையை நேரானதின் பாகுநிலையால் வகுப்பது, அவ்வளவுதான். அந்த 'நேரானது' தவறினால் எல்லாம் தவறு. 5 மோல் சதவீதம் ஆக்டீன் சேர்த்த சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் சுமார் 13 சதவீதம் பக்கக் கிளைகளுக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பு அந்த அளவுக்குக் குட்டையாகிறது, ஆக்டீன் இல்லாத பாலிஎத்திலீனோடு ஒப்பிட்டால் ஒரு நீண்ட கிளைகூட இல்லாமலே 0.8 வந்துவிடும். உங்கள் 0.8 இதுதானோ என்னவோ! அதோடு முடிகிறதா என்றால் இல்லை, ஜி-பிரைமிலிருந்து ஜிக்குப் (அதே விகிதம், பாகுநிலைக்குப் பதில் ஆரத்தின் வர்க்கத்தில்) போக ஒரு அடுக்கு எண் வேண்டும், அது 0.5 முதல் 1.5 வரை எதுவாகவும் இருக்கலாம். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு 0.75 போட்டு, ஜியிலிருந்து கிளை எண்ணிக்கை தரும் 1949-இன் சிம்–ஸ்டாக்மேயர் சமன்பாட்டில் நுழைத்து, கிளை எண்ணிக்கையை மூன்று தசம இடத்துக்கு அச்சடிக்கிறார்கள். முதல் தசமமே சந்தேகம், ஐயா.

பாகுநிலை வேண்டாம், ஒளிச்சிதறலில் மூலக்கூறின் ஆரத்தையே நேராக அளக்கிறேன்.

நல்லது. ஆனால் 10 நானோமீட்டருக்குக் கீழே வரும் ஆரத்தை நம்பாதீர்கள்.

ரியாலஜி (உருகிய சரக்கின் பாய்வை அளப்பது) கிளை உண்டு என்கிறது, ஜி.பி.சி. (கரைசலில் மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிப்பது) இல்லை என்கிறது. யாரை நம்ப?

இரண்டும் சரியாக இருக்கலாம். 10,000 கார்பனுக்கு ஒரு கிளை என்ற அளவு ஜி.பி.சி. கண்ணில் படாது, உருகிய நிலையில் பாகுநிலை எகிறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மூலக்கூறு எடைப் பரவல் அகலமாக இருந்தாலும் ரியாலஜி அதே மாதிரி நடிக்கும். பரவலை முதலில் பாருங்கள்.

ஏ.பி.2 வகை (ஒரு ஏ முனையும் இரண்டு பி முனையும் உள்ள மோனோமரிலிருந்து வந்த) மிகைக்கிளைப் பாலிமரில் கிளைப்பு அளவு (நேர்ச்சங்கிலிக்கு 0, முழுக்கிளைக்கு 1) 0.5தான். வினை கெட்டுவிட்டதா?

இல்லை. தற்செயலாகச் சேர்ந்தால் 0.5தான் வரும். 1 வேண்டுமென்றால் டென்ட்ரிமர் (எல்லா இடத்திலும் கிளை விடும்படி படிப்படியாகக் கட்டிய மூலக்கூறு) செய்யுங்கள்.

கரைசல் வடிகட்டியை அடைக்கிறது. வடிந்ததை மட்டும் அளந்தால் போதுமா?

அதிகம் கிளைத்ததெல்லாம் வடிகட்டியில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் மிச்சத்தை அளக்கிறீர்கள். அடைத்தது எத்தனை சதவீதம் என்று உலர்த்தி எடை போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.