பழைய ஷெவி பிக்கப்: கேபின் மாற்றக் கேள்வி பதில்

ஷெவர்லே மட்டும், 1987 வரை. ஒரே ஒரு வேண்டுகோள்: விஐஎன் (வண்டியின் அடையாள எண்) தகட்டில் கை வைக்காதீர்கள்.

கே: என் வண்டி 1968 சி10 பிக்கப். மிச்சிகன் சாலை உப்பில் கேபின் தரை போய்விட்டது. அரிசோனாவில் 1972 கேபின் கிடைக்கிறது. உட்காருமா சார்?

ப: உட்காரும். 1967 முதல் 1972 வரை கேபின் அடிப்படையில் ஒன்றுதான். தொல்லை அதைச் சுற்றி இருப்பதில். 1967-68 பானெட்டும் 1969-க்குப் பிந்தையதும் வேறு வடிவம். அதனால் உங்கள் பானெட், ஃபெண்டர், கிரில் எல்லாம் ஒரே செட்டாக இருக்கட்டும். ஒயரிங் முழுசாகப் பழையது, இல்லை முழுசாகப் புதியது. பாதிப் பாதி வேண்டாம். அப்புறம் பிரேக். 1971-லிருந்து முன்சக்கரத்துக்கு டிஸ்க். அந்தக் கேபினில் டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் கழற்றிவிட்டு, உங்கள் டிரம் பிரேக்குக்கு உரியதையே மாட்டுங்கள்.

இன்னொன்று, எர்த். கேபின் ரப்பர் புஷ் மேல் உட்காருகிறது, சேசிஸோடு மின்தொடர்பு இருக்காது. இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்கு வரும் பின்னல் பட்டையை மறந்தால், ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் எகிறும். ஆள் ஒன்றுமில்லாததற்கு ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

கே: 1962 வண்டிக்கு 1965 கதவு?

ப: சேராது. 1963 வரை பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முன்கண்ணாடி. 1964-ல் தூணே மாறிவிட்டது.

கே: 1971 கேபினை 1978 சேசிஸில் வைக்கலாமா?

ப: வெல்டிங் கை இருந்தால். 1972 வரை பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள். 1973-லிருந்து சேசிஸுக்கு வெளிப்பக்கம். கேபின் மவுண்ட், டாங்க் இரண்டையும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

கே: பழைய கேபினின் விஐஎன் தகட்டைப் புதியதில் ரிவெட் அடிக்கலாமா?

ப: முதல் வரியைப் படித்தீர்களா? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 18ஆம் தலைப்பு, 511ஆம் பிரிவு. 5 வருடம் வரை சிறை. பழுதுபார்க்கும்போது கழற்றியே ஆகவேண்டிய இடத்துக்கும், மாநில விதிப்படி திரும்பப் பொருத்துவதற்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று வேலை தொடங்குமுன் உங்கள் மாநில வாகன அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: தகடு கேபின் கதவுத் தூணில்தானே இருக்கிறது அண்ணா? அப்போ கேபின்தான் வண்டி. அதன் டைட்டிலோடு (உரிமைப் பத்திரம்) ஓட்டினால் என்ன?

ப: என்னைக் கேட்டால் சேசிஸ்தான் வண்டி. அதன் தண்டிலும் நம்பர் பொறித்திருக்கிறது. சோதிப்பவர் துருவைத் தேய்த்துப் பார்த்தால் இரண்டு நம்பர், ஒரு டைட்டில். அப்புறம் திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி.

கே: குறுக்கிடுகிறேன். பழைய வண்டிகளுக்கு இன்ஜின் நம்பரிலேயே டைட்டில் கொடுத்த மாநிலங்கள் உண்டு. சேசிஸ்தான் வண்டி என்பது உங்கள் கருத்து.

ப: உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இன்ஜின் மாற்றியவர்கள் அதனால் பட்ட பாடும் தெரியும். நான் சேசிஸ் பக்கம் நிற்பதற்குக் காரணம், அச்சு, ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் அதில் தொங்குகின்றன. கேபின் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். உங்கள் மாநிலம் வேறு மாதிரி சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, டைட்டிலோடு வையுங்கள். இரண்டு வண்டிகளின் விற்பனைச் சீட்டுகளையும், வெட்டுமுன் எடுத்த படங்களையும் கூட.

கே: தகட்டை மட்டும் மாற்றினால்...

ப: மேலே.

கே: 1979-க்கு 1985 முகம் வைக்க ஆசை.

ப: தாராளமாக. கேபின் ஏறக்குறைய அதேதான். 1981-ல் முன்பக்கத் தகடுகள் மாறின, ஆகவே ஃபெண்டர், பானெட், ரேடியேட்டர் தாங்கி மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

கே: 1962 ஃபோர்டு எஃப்-100 கேபின்?

ப: ஃபோர்டு என் கடை இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: அந்த வருடங்களில் கேபினும் பின்தொட்டியும் ஒன்றாகவே செய்த வண்டிகள் உண்டு. உங்களுடையது அதுவானால், கேபினை மட்டும் தூக்க முடியாது.

கே: துருப்பிடித்த கேபினை எப்படித் தூக்குவது?

ப: கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்துவிட்டு. இல்லாவிட்டால் அந்தரத்தில் கூரை ஒரு பக்கம் சாயும், பிறகு எந்தக் கதவும் மூடாது. ஸ்டீயரிங் இணைப்பு, கிளட்ச் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட்டர் ஹோஸ், பிரேக் பைப் கழன்றதா என்று ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.