ஊருக்கும் இங்கேயுள்ள ஆற்றுக்கும் ஒரு கோல்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: குன்னூரிலிருந்து மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்தால் மனசு கனக்கிறது, டிசம்பரில் லீவுக்குப் போகும்போது நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்க எடை குறைந்த, பைக்குள் அடங்குகிற ஃப்ளை ராடு, அதாவது பூச்சிபோல் கொக்கியில் கட்டிய ஃப்ளையை வீசுகிற தூண்டில் கோல், வாங்க வேண்டும், அதையே இங்கேயும் வீச முடியுமா? நான் கோத்தகிரிக்காரன். 2004-இல் செம்பனை ஆலைக்கு ஃபிட்டராக வந்தவன், கல்யாணம் பிள்ளைகள் எல்லாம் இந்த ஊரிலேயே ஆகிவிட்டது. நீங்கள் கேட்டதை அப்படியே நானும் ஒரு காலத்தில் கேட்டு அலைந்திருக்கிறேன். சொல்ல ஆளில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

9 அடி நீளம், 5-ஆம் எண், ஆறு துண்டாகப் பிரிகிற கோல். இதுதான் என் பதில்.

கடையில் எடையைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் மயங்காதீர்கள். 5-ஆம் எண் கார்பன் கோல்கள் பெரும்பாலும் 80 முதல் 100 கிராமுக்குள் இருக்கும். இருப்பதிலேயே லேசானதற்கும் சாதாரணமானதற்கும் இடையே ஒரு கைப்பிடிப் பொரி அளவுதான் வித்தியாசம். லைன் என்கிற தூண்டில் கயிற்றைச் சுற்றி மாட்டுகிற ரீலே 100 கிராமைத் தாண்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிரித்து வைத்தால் எவ்வளவு நீளம்? 9 அடி என்றால் 274 சென்டிமீட்டர். அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 70-ஐத் தாண்டும், குழாயோடு சேர்த்தால் 80 வரை வந்துவிடும். நாம் ஊருக்குப் போகிற மலிவு விமானங்களில் கைப்பையின் நீளம் 56 சென்டிமீட்டர்தான். ஆறாகப் பிரித்தால் துண்டு 50-க்குள் அடங்கும். துணிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011-இல் ஆசையாக நாலு துண்டுக் கோல் ஒன்று வாங்கி, குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு விமான நிலையம் போனேன். ஏறுகிற வாசலில் நிறுத்தி, நீளம் அதிகம், கீழே சரக்கோடுதான் போக வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். திருச்சியில் இறங்கிப் பார்த்தால் குழாயின் மூடியைக் காணோம், கோலின் நுனி நாலு விரல் நீளத்துக்கு ஒடிந்து, உள்ளே இருந்த துணியுறையில் குத்திக்கொண்டு நிற்கிறது. வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "குச்சிதானேடா, மூங்கில் வெட்டித் தரட்டுமா" என்றார். அந்த லீவில் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அதற்கப்புறம் ஆறு துண்டுக் கோல் வாங்கினேன். கோடாலித் தைலமும் மைலோவும் அடைத்த பையில் ஒவ்வொரு தடவையும் அதுவும் என்னோடு வருகிறது. கோலைக் கைப்பையில் வையுங்கள். கொக்கி கட்டிய ஃப்ளைகளையும் சின்னக் கத்தரியையும் மட்டும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஏழு, எட்டுத் துண்டிலும் கோல்கள் வருகின்றன, இன்னும் குட்டையாக அடங்கும். நான் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு இணைப்பிலும் கார்பன் இரட்டைச் சுவராக இருக்கிறது. அந்த இடம் மற்ற இடம்போல் வளையாது, எடையும் கூடும், வீச வீசத் தளர்கிற இடமும் அதுதான்.

இணைப்பை மாட்டுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், கோல்கள் அதிகம் ஒடிவது இதில்தான். நுனித் துண்டிலிருந்து தொடங்குங்கள். லைன் ஓடுகிற வளையங்கள் ஒரே கோட்டில் இல்லாமல் கால் திருப்பு விலகி இருக்கும்படி ஒன்றை ஒன்றில் செருகி, அழுத்திக்கொண்டே திருப்பி வளையங்களை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கம் விரலுக்கே தெரியும். செருகும் முனையில் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் பிடிப்பு நிற்கும், சிக்கவும் சிக்காது. ஆற்றில் நிற்கும்போது அரை மணிக்கு ஒரு தரம் ஐந்து இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருக்கும்போது வேகமாக வீசினால், வெளித்துண்டின் வாய் பிளந்துவிடும். கழற்றும்போது சிக்கிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்காதீர்கள். இன்னொருவரை எதிரில் நிற்கவைத்து, இருவரும் இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்து, நேராக இழுத்தால் வந்துவிடும்.

ஏன் 5-ஆம் எண்? ஃப்ளைக்கு எடையே கிடையாது, நாம் வீசுவது லைனைத்தான். லைனின் முதல் 30 அடி எவ்வளவு கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 5-க்கு 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். கோலிலும் லைனிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சின்ன ஓடையில் சின்ன டிரவுட்டுக்கு 3-ஆம் எண் போதும், அதன் வளைவு கைக்கு இன்பமாகவும் இருக்கும். ஆனால் எமரால்டு, அவலாஞ்சி ஏரிகள் பக்கம் திறந்த தண்ணீரில் காற்று எதிரே அடித்தால் 3-ஆம் எண் லைன் முகத்துக்கே திரும்பி வரும். 5 தாக்குப்பிடிக்கும். ரொம்ப விறைப்பான கோல் வேண்டாம், நடுத்தர வளைவுள்ளதே போதும். சிறிய மீன் இழுக்கும்போது லைன் நுனியில் கட்டுகிற மெல்லிய நைலான் தங்கூசியை அறுக்காமல் காப்பது அந்த வளைவுதான். ஜப்பானியர்களின் தெங்காரா என்று ரீலே இல்லாத கோல் இருக்கிறது, ரேடியோ ஆன்டெனாபோல் ஒன்றுக்குள் ஒன்று போய் 50 சென்டிமீட்டர் சுமாருக்கு அடங்கிவிடும். ஓடைக்கு அருமையானது. ஆனால் பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க லைன் இருக்காது. முதல் கோலாக வாங்க வேண்டாம்.

நீலகிரியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கோலை வெளியே எடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் இருக்கிற தண்ணீர் எது, அனுமதி உள்ளது எது என்று ஊட்டியில் விசாரித்துவிட்டே போங்கள். அந்த மீன் நம் மலையில் தானாகப் பிறந்ததும் இல்லை. வில்சன் என்ற ஆங்கிலேயர் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்ததன் வழியாக வந்தது. வந்த இடத்துக் குளிர் அதற்கு ஒத்துக்கொண்டது, நிலைத்துவிட்டது.

இங்கே அது நடக்காது. டிரவுட்டுக்கு 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நம் ஆறுகள் அதைவிடச் சூடு. அதற்காக மனசு விட வேண்டாம். லாசா பக்கம் சுங்கை பிளஸ் ஆற்றில் செபாராவ் என்கிற மீன் இருக்கிறது. உடம்பில் ஒரு கறுப்புப் பட்டை, வேகமாக வந்து அடிக்கும். தெங்காஸ், கெலா என்று மலாய்க்காரர்கள் சொல்வது நம் காவிரி மாசீருக்கு உறவான மீன்கள். முழங்கை நீளத்துக்குள் இருக்கும் செபாராவுக்கு உங்கள் 5-ஆம் எண் தாங்கும். செண்டெரோ ஏரிக்குப் போய்த் தோமானுக்கு மட்டும் அதை வீசாதீர்கள். தோமான் நம் விரால் குடும்பம்தான், ஆனால் பல்லும் பலமும் வேறு. அதற்கு 8-ஆம் எண் வேண்டும். காரில் போகிற இடம்தானே, நாலு துண்டு செகண்ட் ஹேண்ட் கோலே போதும். கெலா கிடைத்தால் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள். அது வளர வருடக்கணக்காகும்.

ஒரு கோல் இரண்டு ஊருக்கும் போதும், ஒரு லைன் போதாது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். குளிர்நாட்டு டிரவுட் லைன் இந்த வெயிலில் வெந்த சேமியாபோல் துவண்டு வளையங்களில் ஒட்டும். வெப்பநாட்டு லைனை எடுத்துக்கொண்டு நீலகிரியின் விடியற்காலைக் குளிரில் வீசினால் ஸ்பிரிங்போல் சுருண்டு நிற்கும். ரீலுக்கு இன்னொரு ஸ்பூல், லைன் சுற்றுகிற உருளை, வாங்கி இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கோலில் மிச்சம் பிடிக்கிற காசை இதில் போடுவது நல்லது. என் ஆறு துண்டுக் கோல் 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கியதுதான், இன்றைக்கும் உழைக்கிறது. ஆற்றிலிருந்து வந்ததும் ஈரக் கோலைக் குழாயில் போட்டு மூடிவிடாதீர்கள். இந்த ஈரக் காற்றில் இரண்டே நாளில் கார்க் பிடியில் பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு ராத்திரி சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் உறையில் போடுங்கள்.

இரண்டு பயம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். கார்பனில் மின்சாரம் பாயும். இங்கே மத்தியானத்துக்கு மேல் இடி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, தூரத்தில் உறுமல் கேட்டாலே கோலைப் படுக்கவைத்துவிட்டுக் கரையேறுங்கள். இன்னொன்று, மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும். தெளிவாக ஓடும் தண்ணீர் சட்டென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் ஒரு மீனுக்காகவும் நிற்காதீர்கள்.

மனசு கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் போனது. ஆலை, அறை, ஆலை. தமிழ்ப்பள்ளித் திடலில் ஞாயிறு காலையில் தனியாக நின்று வீசிப் பழகுவேன், கொக்கிக்குப் பதில் நுனியில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று, "அங்கிள், புல்லுலே மீன் இருக்கா?" என்று கேட்டார்கள். ஒருவனிடம் கோலைக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் தாத்தா வந்தார், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். லாசா ஆற்றில் எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியவர் அவர்தான். அவர் வீட்டுத் தீபாவளிக்குத்தான் இந்த நாட்டில் நான் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதனால் கோலை இன்னும் வாங்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே திடலுக்கு வாருங்கள், பசியாறாமலே வாருங்கள், எங்கள் வீட்டில் சாப்பிடலாம். என் ஆறு துண்டுக் கோலை நீங்களே மாட்டி, நீங்களே வீசிப் பாருங்கள். மெழுகுவர்த்தி நான் கொண்டு வருகிறேன்.