குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருப்பதைத் வீட்டிலேயே தாய் எப்படிக் கண்டுகொள்வது?

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். "எங்கள் பரம்பரையே ஒல்லி" என்று சொல்லியே பல வீடுகளில் மாதக்கணக்கில் காலத்தை இழந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அங்கன்வாடியில் வண்ண அளவுநாடா இருந்தால் கேளுங்கள். சாதாரண தையல் நாடாவும் போதும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இறுக்காமல் சுற்றுங்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் மிதமான குறைபாடு. 11.5-க்கும் கீழே என்றால் கடுமையானது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பலரும் ஏமாறுவது வீக்கத்தில்தான். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 வினாடி அழுத்துங்கள். விழுந்த குழி அப்படியே நின்றால், முகம் கொழுகொழுவென்று தெரிந்தாலும் ஆபத்துதான். நாடாவின் அளவை அப்போது நம்பாதீர்கள்.

மாதந்தோறும் எடையை வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு ஏறாமல் தட்டையாகப் போனாலே காரணம் தேட வேண்டும்.

உணவில் நான் அடிக்கடி காணும் பிழை, பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும். அவை வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சோறு, மசித்த பருப்பு, கீரை, முட்டை, கொஞ்சம் நெய் என்று, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் ஊட்டுங்கள்.