கன்னித்தன்மை சர்டிபிகேட் எங்கே கிடைக்கும்? கோர்ட்டில் செல்லுமா?

எங்கேயும் கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதாகவும், புதுச்சேரியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாராவது எழுதிக் கொடுத்தால் அது வெறும் காகிதம்தான். புதுச்சேரிப் பக்கம் மருத்துவ மாணவர்களுக்கு ஃபாரன்சிக் மெடிசின் (சட்டம் சார்ந்த மருத்துவம்) பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய பாடப் புத்தகங்களில் கன்னித்தன்மை, கர்ப்பம், பிரசவம் மூன்றும் அடுத்தடுத்து வரும். பின்னிரண்டுக்கும் உடம்பில் சாட்சி உண்டு, முதலாவதற்குக் கிடையாது. கன்னித்திரை, அதாவது பெண்ணுறுப்பின் வாயிலில் உள்ள மெல்லிய சவ்வு, ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குப் பிறவியிலேயே விளிம்பு நெளிநெளியாக, கிழிந்த மாதிரி தெரியும். சிலருக்கு நன்றாக நெகிழும். உறவுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். முதலிரவில் ரத்தம் வராதவர்களும் நிறையப் பேர்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய டவுன்) ஓர் அம்மா மகளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "டாக்டரம்மா, ஒரு எழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். அந்தப் பெண் கடைசிவரை நிமிரவே இல்லை. "அம்மா, கடவுளே வந்தாலும் இதை எழுத முடியாது" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

பிரசவம் வேறு கதை. குழந்தை பெறாதவருக்குக் கருப்பை வாய் சின்ன வட்டப் புள்ளி. சுகப்பிரசவம் ஆனவருக்குக் குறுக்குக் கோடு. வலி வருமுன்பே சிசேரியன் என்றால் புள்ளி பெரும்பாலும் அப்படியே இருக்கும், வயிற்றுத் தழும்புதான் பேசும். பிரசவமான புதிதில் கருப்பை தொப்புள் உயரத்தில் கைக்குத் தட்டுப்படும். இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். எங்கோ சிசு கிடந்தது என்று போலீஸ் ஒரு பெண்ணை அழைத்துவந்தால் இதையெல்லாம் பார்ப்போம். அவள்தான் தாய் என்று உறுதியாகச் சொல்வது டி.என்.ஏ. சிசுவின் நுரையீரல் தண்ணீரில் மிதந்தால் மூச்சு விட்டிருக்கிறது என்பார்கள். அழுக ஆரம்பித்தாலும் மிதக்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது.

கர்ப்பத்துக்கு ஸ்கேன் போதும். சட்டத்தில் 280 நாள் கணக்கு ஒன்று உண்டு. திருமணம் முறிந்து அத்தனை நாளுக்குள் பிறந்த குழந்தை, தாய் மறுமணம் செய்யாதவரை, அந்தக் கணவருடையது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். கரு உண்டான சமயத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் மாறும்.

கோர்ட் விஷயத்துக்கு வருவோம். பாலியல் வழக்குகளில்கூட இரு விரல் பரிசோதனை (பெண்ணுறுப்புக்குள் இரண்டு விரல் விட்டு, உறவுக்குப் பழகியவரா என்று பார்ப்பது) கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொன்னது. 2022 ஏப்ரலில் அதைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்கிற டாக்டர் தவறான நடத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போது டாக்டர் எழுதுவது காயம், எடுத்த மாதிரிகள், சிகிச்சை. அதுவும் அந்தப் பெண் சம்மதித்தால்தான்.

உங்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதாவது டெஸ்ட் வேண்டுமென்றால் ரத்த வகை, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு), எச்.ஐ.வி. எடுக்கச் சொல்லுங்கள். பெண், மாப்பிள்ளை இரண்டு பேருக்கும்.