கிடங்கு வேலையும் அப்பாவும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் இயந்திரவியல் முதுகலை படிக்கிறேன். இது இரண்டாவது பருவம். ஊர் பல்லடம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வார இறுதிகளில் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறேன். பெல்ட்டில் வரும் பெட்டிகளைப் பிரித்து வண்டியில் ஏற்ற வேண்டும். வீட்டில் பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கடன் வாங்கிப் படிக்க அனுப்பியவர்களிடம் உண்மையை எப்படிச் சொல்வது? பணம் குறைந்தாலும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வேலை தேடலாமா? ஜெர்மன் மொழியில் பி-1 நிலை அவசியமா? கோடையில் ஸ்பெயினில் இரண்டு வார வகுப்பு ஒன்று இருக்கிறது, போகலாமா? வகுப்பறைக்கு வெளியே எதையும் கற்காமல் காலம் போகிறதோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குக் கோபமூட்டியது. இரவெல்லாம் ஒரு கிடங்கில் நின்று உழைக்கிறீர்கள். ஆனாலும் வகுப்பறைக்கு வெளியே எதையும் கற்கவில்லை என்கிறீர்கள். பெல்ட்டின் எதிர்ப்பக்கம் நிற்பவர் யார்? சிரியாவிலிருந்து வந்தவரா, உக்ரைன்காரரா, அந்த ஊரிலேயே பிறந்தவரா? அவரைப் பற்றி ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் இருப்பது சாதாரண ஊரல்ல. சாக்சனி மாநிலத்தின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த நகரம், நெசவு இயந்திரங்கள் செய்த நகரம். 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸின் பெயரைத் தாங்கியிருந்தது. அவருடைய பிரம்மாண்டமான வெண்கலத் தலை இன்றும் நகர் நடுவே இருக்கிறது. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. உங்களோடு பெட்டி தூக்கும் உள்ளூர்க்காரர் அப்படி வேலையிழந்த ஒருவரின் மகனாக இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். எந்தப் பேராசிரியரும் இதை உங்களுக்கு நடத்தப்போவதில்லை.

உடனே பதில் எழுத வேறொரு காரணமும் உண்டு. அண்மையில் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் வெள்ளைச் சட்டையும் தலையில் வலைத்தொப்பியுமாகப் பரிமாறியவர்கள் எல்லோரும் கல்லூரி மாணவர்கள். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்த் தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் தேற்றிக்கொள்ளும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரசவாளியோடு வந்த பையன் எங்கள் வரிசையின் நடுவில் சட்டென்று நின்றான். வாளியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று சமையற்கட்டுக்குள் போய்விட்டான். எனக்கு நான்கு இலை தள்ளி அவனுடைய துறைப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவரும் பையனைப் பார்த்தார். பார்த்துவிட்டு இலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அவர் எழுந்து உள்ளே போய் அந்தப் பையனின் தோளில் கை வைத்திருக்க வேண்டும். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

அந்தப் பையன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. சோறு பரிமாறினான். அவனை ஓடி ஒளிய வைத்தது எது? கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, படித்தவன் கையில் அழுக்குப் படக்கூடாது என்று காலங்காலமாக நமக்குள் ஊட்டப்பட்டிருப்பது. அதற்குச் சாதி என்று பெயர். பாடத்திட்டம் மாறியும் அது போகவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் ஃபிட்டிங் பயிற்சிக்கு அரத்தால் ராவ வேண்டிய இரும்புத் துண்டை ஆய்வக உதவியாளரிடம் கொடுத்து முடித்து வாங்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் மாணவனுக்கு, உழைப்பு உதவியாளருக்கு. நீங்களும் அப்படி ஒரு கல்லூரியிலிருந்துதானே போயிருப்பீர்கள்?

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி தொடங்கப்பட்டபோது அங்கிருந்து இயந்திரங்களும் வந்தன, ஆசிரியர்களும் வந்தார்கள். பட்டறைப் பயிற்சிக்குத் தொடக்கத்தில் பெரிய இடம் இருந்தது. அவர்கள் நாட்டுப் பழக்கம் அது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாட்களில் தொழிற்சாலையிலும் சம்பளத்தோடு கற்கிறது. அப்படிக் கற்ற பிறகு கல்லூரிக்குப் போய்ப் பொறியாளரானவர்கள் அங்கே ஏராளம். உங்கள் வகுப்பு ஜெர்மானியர்களைக் கேளுங்கள். பெரும்பாலானோர் எங்காவது வேலை செய்தபடிதான் படிக்கிறார்கள். அதை வீட்டுக்கு மறைக்க வேண்டும் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவே புரியாது.

அவ்வளவு தூரம் போவானேன். உங்கள் கோவைப் பக்கத்து ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்தவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பிற்பாடு ஜெர்மனிக்கும் போய் வந்தார். அவர் படத்தை மாட்டியிருக்கும் கல்லூரிகளில் எத்தனை, தம் மாணவன் பந்தியில் பரிமாறுவதைப் பெருமையாகச் சொல்லும்?

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். என்னால் தாங்க முடியாதது இதுதான். அவர் யார்? தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, இரவு ஷிப்ட் பார்த்து, பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து உங்களை வளர்த்தவர். பெட்டி தூக்குவதை அவரிடமா மறைக்கிறீர்கள்? இந்த வேலை கேவலம் என்று நீங்கள் நினைத்தால், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை என்னவென்று நினைக்கிறீர்கள்? இதை யோசிக்காமல்தான் பொய் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மனம் கெட்டது அல்ல, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவருக்கு உண்மை வேறு வழியில் தெரிய வந்தால், வருத்தம் கிடங்கு வேலைக்காக இருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். மணிக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்கு ஷிப்ட், பெல்ட் எப்படி ஓடுகிறது, நின்றால் யார் சரிசெய்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவர் இயந்திரக்காரர். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் கேள்வி கேட்பார். கெம்னிட்ஸ் தொழில் அருங்காட்சியகத்தில் பழைய நெசவு இயந்திரங்கள் இருக்கின்றன. படம் எடுத்து அனுப்புங்கள்.

மற்றவை சுருக்கமாக. பல்கலைக்கழக உதவியாளர் வேலை கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். அதற்கான நாட்கள், உங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வேலை செய்ய இருக்கும் ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற வரம்பில் கணக்காகாது, படிப்புக்கும் பொருந்தும். வெட்கத்துக்காக மட்டும் மாறாதீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் கையில் காசு தருபவரிடம் ஒருநாளும் வேலை செய்யாதீர்கள். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ, உங்களுக்கும் அதேதான், ஒரு சென்ட்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். முதுகு வலித்தால் ஷிப்டைக் குறையுங்கள், தேர்வு மாதத்தில் போகாதீர்கள். ஜெர்மன் மொழி அவசியமா என்று அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நாளைக்கே வகுப்பில் சேருங்கள்.

ஸ்பெயினுக்குப் போய் வாருங்கள். கட்டணத்தைக் கிடங்குச் சம்பளத்திலிருந்து கட்டுங்கள், அப்பாவிடம் கேட்காதீர்கள்.

அன்புடன்.