போதகர் ஏன் போனார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் சபையை நடத்திய போதகர் சென்ற மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டார். வேறு சபைக்கும் போகவில்லை, ஊழியத்தையே விட்டுவிட்டார். விசுவாசம் போய்விட்டது என்று சிலர் பேசுகிறார்கள். நான் கமிட்டியில் இருப்பவன். எங்களுக்கு ஏன் முன்பே தெரியவில்லை? இனி என்ன செய்யலாம்?

ஜே.

அன்புள்ள ஜே.,

விசுவாசம் போய்விட்டது என்று சொல்லிவிட்டால் அவர் செய்த வேலையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். அமெரிக்காவில் பார்னா என்ற ஆய்வு நிறுவனம் 2022 மார்ச்சில் புராட்டஸ்டன்ட் போதகர்களிடம் கேட்டபோது, முந்தைய ஓராண்டில் ஊழியத்தை விட்டுவிடலாமா என்று யோசித்ததாக 42 சதவீதம் பேர் சொன்னார்கள். காரணங்களில் முதலில் நின்றது வேலையின் அழுத்தம், அடுத்தது தனிமை. யோசிப்பவர்களில் பெரும்பாலோர் போவதில்லை. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டே பல வருடம் ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்ய முடியும். உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

ஒரு சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கம் பாதி எழுதிக் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு ஒரு மரணச் செய்தி. அந்த வீட்டுக்குப் போய் ஜெபித்து, அடக்கத்துக்கு நேரம் குறித்துத் திரும்பும்போது நள்ளிரவு. மீதிப் பிரசங்கம் அதற்குப் பிறகுதான். காலையில் ஆராதனை, மதியம் ஞானஸ்நான விருந்தில் சிரித்த முகம், மாலையில் கல்லறைத் தோட்டம். மணிக்கணக்கைவிட, ஒரே நாளில் இத்தனை முறை மனதைத் திருப்புவதுதான் ஆளைத் தின்கிறது.

அதைவிடக் கனமானது ரகசியம். யார் வீட்டில் அடி, யாருக்குக் கடன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. தன் சோர்வைச் சொல்லலாம் என்றால், கேட்கிறவர் கையில் சம்பளம் இருக்கிறது, அல்லது இடமாற்றம் இருக்கிறது. பைபிளில், காலை முதல் மாலை வரை மக்களுக்குத் தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம், ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்களை வை என்று சொன்னவர் வெளியிலிருந்து வந்த மாமனார்தான். அப்படி வெளியாள் ஒருவர் உங்கள் போதகருக்கு இருந்தாரா?

வீடும் ஒரு காரணம். போதகர் இல்லம் பதவியோடு சேர்ந்தது. ராஜினாமா கொடுத்தால் கூரை, பிள்ளைகளின் சிநேகிதம், மனைவியின் சபை எல்லாம் சேர்ந்து போகும். அதற்குப் பயந்து நாள் கடத்துவார்கள், பிறகு ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள்.

கத்தோலிக்க குருவுக்கு வெளியேறுவதே தனிப் பாதை. 1983-ன் திருச்சபைச் சட்டப்படி, முறையாகப் பெற்ற குருப்பட்டம் அழிவதில்லை. குருநிலையிலிருந்து விலகுவது வேறு, மணத்துறவிலிருந்து, அதாவது திருமணம் செய்யாதிருக்கும் கடமையிலிருந்து, விடுவிப்பு வேறு. அந்த விடுவிப்பைத் தருபவர் திருத்தந்தை மட்டுமே. விலகியவர் திருப்பலி நிறைவேற்றக் கூடாது. ஆனால் சாகக் கிடப்பவர் கேட்டால் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு அளிக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குறைந்தது மூன்று மாதம் அவரைப் போதகர் இல்லத்திலேயே இருக்க விடுங்கள், முடிந்தால் சம்பளமும் கொடுங்கள். அவர் பார்த்த நிர்வாகம், கணக்கு, ஆலோசனைப் பணி எல்லாவற்றையும் விவரித்து ஒரு அனுபவக் கடிதம் கொடுங்கள். ஊழியர் என்று ஒரே வார்த்தை எழுதினால் வெளியே யாருக்கும் புரியாது, வேலை கிடைக்காது. காரணத்தைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். அடுத்து வருபவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அன்று மரணச் செய்தி வந்தாலும் எடுக்க வேறொருவர், கமிட்டிக்கு வெளியே மனம்விட்டுப் பேச ஒருவர், இந்த மூன்றையும் நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

பழைய போதகர் என்றாவது ஆராதனைக்கு வந்தால், கடைசி வரிசையில் சும்மா உட்கார விடுங்கள். ஜெபம் பண்ணுங்கள் என்று கூப்பிட வேண்டாம்.